முதலில் பாவிக்கப் போகிறவர் யார்?

யாழ்ப்பாணத்தில் இப்போது மென்பொருள் செய்கிற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறையில் இருந்து வருகிறார்கள், கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற பொறியியல் பீடத்தில் இருந்து வருகிறார்கள், யாழ் ஐ.டி. ஹப் நடத்துகிற யாழ் கீக் சேலஞ்ச் போன்ற போட்டிகளில் நின்றுவிட்டுக் கையில் செய்து முடித்த ஒரு அப்போடு வருகிறார்கள். வேலை நன்றாகத்தான் இருக்கும். பிறகு கேட்கிற கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: "அண்ணை, எல்லாம் செய்து முடிச்சிட்டம். இனி ஆக்களை எப்பிடிப் பிடிக்கிறது? விளம்பரத்துக்குக் கையில காசில்லை."

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒருமுறை விரிவாக எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. நாங்கள் சில பேர் சேர்ந்து ரியூசன் நிலையங்களுக்கு வரவுப் பதிவும் மாதக் காசுக் கணக்கும் பார்க்கிற மென்பொருள் ஒன்றைச் செய்து குடாநாட்டுக்குள் நடத்தி வருகிறோம். பெரிய முதலீடு எதுவும் இல்லை. வெளிநாட்டுக் கம்பனிகளுக்குச் செய்து கொடுக்கிற வேலையில் வரும் காசில் மிச்சம் பிடித்துத்தான் இது நடக்கிறது. ஆகவே இங்கே நான் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஊரில், இந்த அளவு காசில், எங்களுக்குச் சரிவந்தது. கூடவே வெளியில் பெரிதாக வளர்ந்தவர்கள் தொடக்கத்தில் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வேலைகளில் எதற்குமே பெரிய காசு தேவைப்படவில்லை.

முதலில் விளம்பரக் கதையை முடித்துவிடுவோம். பேஸ்புக்கில் பூஸ்ட் போடுகிற செலவு டொலரைப் பார்த்து ஏறி இறங்குகிற செலவு. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டபோது ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களுக்குள் 300ஐத் தாண்டி, மே மாதம் 360 வரை போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் அதே விளம்பரத்துக்கு ஒன்றேமுக்கால் மடங்கு ரூபாய். இது எங்கள் நாட்டுப் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கிற டிரொப்பொக்ஸ் தொடங்கின புதிதில் அவர்களும் கூகுள் விளம்பரம் போட்டுப் பார்த்தார்கள். ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவர 233 டொலரில் இருந்து 388 டொலர் வரை செலவானது என்று நிறுவனர் ட்ரூ ஹூஸ்டன் பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். அவர்கள் விற்ற பொருளின் விலையோ 99 டொலர். அமெரிக்காவில் முதலீட்டாளர் காசு வைத்திருந்தவர்களுக்கே கட்டுப்படியாகாத கணக்கு அது.

பிறகு அவர்களுக்குப் பெரிதாகக் கைகொடுத்தது, ஒருவர் தன் நண்பரைச் சேர்த்தால் இரண்டு பேருக்கும் கூடுதல் சேமிப்பு இடம் என்கிற ஏற்பாடு. 2008 செப்டம்பரில் ஒரு இலட்சமாக இருந்த பாவனையாளர்கள் 2010 ஜனவரியில் 40 இலட்சம். இதை வாசித்துவிட்டு, முதல் நாளே தங்கள் அப்பில் "நண்பரை அழையுங்கள்" பொத்தானை வைத்துவிட்டு இருக்கிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். கூட்டி வருவதற்கு, அதை விரும்பிப் பாவிக்கிற ஒருவர் முதலில் உள்ளே இருக்க வேண்டும் அல்லவா? நான் கதைப்பது அந்த ஒருவரைப் பற்றி.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் அவ்வளவு சனம் வருகிறதே, அங்கே ஒரு சின்னக் கொட்டில் போட்டு நோட்டீஸ் கொடுத்தால் என்ன என்றும் கேட்கிறார்கள். கச்சானும் ஐஸ்கிறீமும் விற்கிறவருக்கு அந்தக் கூட்டம் முழுவதும் வாடிக்கையாளர். ரியூசன் நிலையம் நடத்துகிறவர் அந்தக் கூட்டத்துக்குள் எத்தனை பேர் இருப்பார்? இருந்தாலும் அவர் அன்றைக்குச் சாமி கும்பிட வந்தவர். நோட்டீஸை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார்.

அடுத்தது சொந்தக்காரர். இதைக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். நாங்கள் ஏதாவது செய்தால் ஸ்காபரோவில் இருக்கிற மாமா, லண்டனில் இருக்கிற சித்தி, கூடப் படித்தவர்களின் வட்ஸ்அப் குழு, பழைய மாணவர் சங்கம் என்று எல்லோரும் அதை இறக்கிக்கொள்வார்கள், ஐந்து நட்சத்திரம் போடுவார்கள், "நல்லாச் செய்திருக்கிறாய் அப்பன்" என்று குரல் பதிவு அனுப்புவார்கள். அந்த அன்பு முழுக்க உண்மை. சோர்ந்து போகிற நேரத்தில் அதுதான் எழுப்பி விடும். ஆனால் ஸ்காபரோவில் இருக்கிற மாமாவுக்குக் கோண்டாவிலில் ஒரு ரியூசன் நிலையத்தின் காசுக் கணக்கு பார்க்க வேண்டிய தேவை இல்லை. அவர் உங்களுக்காக இறக்கினார். தன் வேலைக்காக இறக்குகிறவர் வரும்வரை அந்த எண்ணிக்கையை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

கூகுள் பிளேயின் விதி இந்தக் குழப்பத்தை இன்னும் கூட்டிவிட்டது. 2023 நவம்பருக்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், அப்பை வெளியிடுவதற்கு முன்னர் 20 பேர் தொடர்ந்து 14 நாள் அதைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். 2024 டிசம்பரில் அதை 12 பேராகக் குறைத்தார்கள். உடனே எல்லோரும் ஒன்றுவிட்ட தம்பி, அறைத் தோழன் என்று 12 மின்னஞ்சல் முகவரி சேர்க்கிறார்கள். நான் சொல்வது, அந்த இரண்டு கிழமையை வீணாக்காதீர்கள். எப்படியும் 12 பேரைத் தேடத்தான் போகிறீர்கள். அதில் பாதிப் பேராவது உண்மையாகவே அந்த வேலையைச் செய்கிறவர்களாக இருக்கட்டும். தையல்காரருக்கு அப் செய்தால் தையல்காரரைத் தேடிப் போங்கள். அவருடைய போனில் நீங்களே ஏற்றிக் கொடுங்கள்.

சின்ன இடத்தைப் பிடிக்க வேண்டும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம், அமெரிக்காவில் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற டோர்டாஷ். 2013 ஜனவரியில் ஸ்டான்போர்ட் மாணவர்கள் நாலு பேர் ஒரு பின்னேரத்துக்குள் ஒரு இணையப் பக்கம் செய்தார்கள். அதில் இருந்தது பாலோ ஆல்ட்டோ என்கிற ஒரேயொரு ஊரின் உணவகங்களுடைய மெனுக்கள், பி.டி.எப். கோப்பாக. கீழே ஒரு தொலைபேசி எண். அவ்வளவுதான். அப் இல்லை, ஓட்டுநர் இல்லை, கிட்டங்கி இல்லை. யாரோ ஒருவர் எடுத்துப் பாட் தாய் கேட்டார். அவர்களே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள். வகுப்பு முடிந்த பிறகு தங்கள் காரிலேயே ஓடித் திரிந்து கொடுத்தார்கள். 2020 டிசம்பரில் அந்தக் கம்பனி பங்குச் சந்தைக்கு வந்தது என்பது பிறகு நடந்தது. எனக்கு முக்கியம் அந்தத் தொலைபேசி எண். மணி அடித்தால் எடுக்கிறவர் நிறுவனர், கொண்டுபோய்க் கொடுக்கிறவர் நிறுவனர், சாப்பாடு ஆறிப்போயிருந்தால் ஏச்சு வாங்குகிறவரும் அவரே.

அதை இங்கே பொருத்திப் பாருங்கள். யாழ்ப்பாணம் முழுவதுக்கும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்போம் என்று தொடங்க ஆட்கள் வேண்டும், மோட்டார் சைக்கிள் வேண்டும், பெற்றோல் காசு வேண்டும். பரமேஸ்வராச் சந்தியைச் சுற்றிக் கம்பஸ் பிள்ளைகள் அறை எடுத்துத் தங்கியிருக்கிற ஒழுங்கைகளுக்கு மட்டும், இரவுச் சாப்பாடு மட்டும் என்றால்? இரண்டு சைக்கிளும் ஒரு வட்ஸ்அப் எண்ணும் காணும். ஒரு கிழமைக்குள் அந்த ஒழுங்கையில் யார் புட்டுச் சாப்பிடுகிறார், யார் வெள்ளிக்கிழமை மரக்கறி, எந்த வீட்டு ஐயா இரவு ஒன்பது மணிக்குக் கேற்றைப் பூட்டுகிறார் என்பது வரை உங்களுக்குத் தெரிந்துவிடும். இதெல்லாம் எந்த விளம்பரமும் கொண்டுவந்து தராத தகவல்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

ரியூசன் நிலையத்தில் கணக்கு எப்படி ஓடுகிறது என்பது வெளியில் நின்று பார்த்தால் தெரியாது. நிலையத்தை நடத்துகிறவர் ஒரு சேர். பாடம் எடுக்க வருகிறவர்கள் வேறு ஆட்கள். பிள்ளை மாதம் கட்டுகிற காசில் ஒரு பங்கு நிலையத்துக்கு, பெரிய பங்கு ஆசிரியருக்கு. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு ஒரு அக்கா இருப்பார். அட்டையில் சீல் குத்துவது, கொப்பியில் அடையாளம் போடுவது, காசு கட்டாத பிள்ளையை மெல்லக் கூப்பிட்டுச் சொல்வது, தாய் வங்கியில் போட்ட காசின் சிலிப்பைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் அதைப் பார்த்து எழுதுவது, மாதக் கடைசியில் எந்த ஆசிரியருக்கு எவ்வளவு என்று கூட்டிப் பார்த்துக் கடித உறைக்குள் காசு வைப்பது, எல்லாம் அவர்தான். நாங்கள் போய்க் கதைத்தது சேரோடு. பாவிக்கப் போவது அந்த அக்கா.

கோண்டாவில் பக்கம் ஒரு நிலையத்தில் சேர் உடனே ஓம் என்றுவிட்டார். அக்கா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "கொப்பி எனக்குப் பழகினது தம்பி. உதில ஏதும் பிழை வந்தா ஆர் பொறுப்பு?" என்று மட்டும் கேட்டார். மிக நியாயமான கேள்வி. காசு விடயம், ஆயிரம் ரூபாய் பிசகினால் சந்தேகம் வருவது அவர் மேல், மென்பொருளின் மேல் இல்லை. ஆகவே நாங்கள் சொன்னது இது: கொப்பியை விட வேண்டாம் அக்கா, நீங்கள் வழமை போல எழுதுங்கள், வகுப்பு முடிந்ததும் நாங்கள் வந்து அதைப் பார்த்து எங்களுடையதில் பதிகிறோம், மாதக் கடைசியில் இரண்டு கணக்கும் ஒத்துவருகிறதா என்று நீங்களே பாருங்கள்.

பின்னேரம் பின்னேரமாக அந்த மேசையின் மறுபக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருந்தோம். தெரியவந்தவற்றைச் சொன்னால் இரவு முழுக்கச் சொல்லலாம். ஒரே பெயர், ஒரே முதலெழுத்து, ஒரே வகுப்பு என்று இரண்டு பிள்ளைகள். அக்கா ஒருவரை ஊரின் பெயரால் பிரித்து எழுதியிருந்தார். பெற்றோரின் தொலைபேசி எண் என்று கொடுத்திருப்பது சில வேளை அம்மம்மாவுடையது, சில வேளை கட்டாரில் இருக்கிற தகப்பனுடையது. பல தாய்மார் போனில் போட்டிருப்பது வட்ஸ்அப்புக்கு மட்டுமான டேட்டா பக்கேஜ். அவர்களிடம் தனி அப் ஒன்றை இறக்கச் சொன்னால் அது திறக்கவே திறக்காது. பிள்ளை வந்துவிட்டது என்ற செய்தி வட்ஸ்அப்பில் போக வேண்டும், அல்லது எஸ்.எம்.எஸ். ஆகப் போக வேண்டும். பெற்றோருக்குத் தனி அப் என்ற யோசனை அந்தக் கதிரையில் இருந்தபோதே போய்விட்டது.

எல்லாவற்றிலும் பெரியது வேறொன்று. கொப்பியில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. கேட்டபோது அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், அது காசு வாங்காத பிள்ளைகள். தகப்பன் இல்லாத பிள்ளை, கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, அரைக்காசு மட்டும் கட்டுகிற பிள்ளை. சேரும் ஆசிரியரும் சேர்ந்து முடிவெடுத்தது. வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாது, சில வேளை அந்தப் பிள்ளைக்கே தெரியாது. எங்கள் திரையிலோ காசு கட்டியவர் பச்சை, கட்டாதவர் சிவப்பு. வாசலில் பத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, அட்டையைக் காட்டியதும் சிவப்பு மின்னினால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் வருமா? அன்றைக்கே நிறங்களை எடுத்தோம். இப்போது எந்த அட்டையைக் காட்டினாலும் ஒரே சத்தம், ஒரே திரை. மிச்சக் கணக்கு அக்காவுக்கு மட்டும் தெரிகிற இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. இதை நாங்கள் ஒரு கேள்விக்கொத்து அனுப்பிக் கேட்டிருந்தால் யாரும் எழுதித் தந்திருக்க மாட்டார்கள். இன்றைக்கு ஒரு புது நிலையத்துக்குப் போனால் முதலில் காட்டுவது இதைத்தான், அதைப் பார்த்ததும் மேசையில் இருக்கிறவர்களின் முகம் மாறுகிறது.

மாதக் கடைசியில் இரண்டு கணக்கும் ஒத்துவந்தன. "சரி, உதை என்ர போனில எப்பிடிப் போடுறது எண்டு காட்டுங்கோ" என்று அக்கா தானாகவே கேட்டார். எங்களுக்கு முதல் பாவனையாளர் கிடைத்தது அந்த நேரம்தான். சேர் கையெழுத்து வைத்த நாளை நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

கையால் செய்து கொடுப்பது கேவலமான வேலை, உண்மையான கம்பனிகள் இப்படிச் செய்யாது என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். இணையத்தில் காசு வாங்க உதவுகிற ஸ்ட்ரைப்பைத் தொடங்கிய கொலிசன் சகோதரர்களிடம் யாராவது "பாவித்துப் பார்க்கிறேன்" என்றால், இணைப்பு அனுப்புகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட மாட்டார்களாம். "லப்டொப்பைத் தாருங்கள்" என்று வாங்கி அந்த இடத்திலேயே ஏற்றிக் கொடுத்துவிடுவார்களாம். போல் கிரஹாம் இதை எழுதியிருக்கிறார். புதுக் கம்பனிகளுக்கு முதலீடும் வழிகாட்டலும் கொடுக்கிற அவருடைய வை கொம்பினேட்டரில் 2009இல் இருந்தவர்கள், வீடுகளைத் தங்குவதற்கு வாடகைக்கு விட உதவுகிற எயார்பிஎன்பியின் நிறுவனர்கள். அவர்கள் நியூயோர்க்கில் வீடு வீடாகப் போய்த் தாங்களே நல்ல படம் எடுத்துப் போட்டார்கள். எங்களுக்கு இதில் ஒரு வசதி கூட. குடாநாட்டின் ஒரு தொங்கலில் இருந்து மறு தொங்கலுக்கு மோட்டார் சைக்கிளில் போய் அன்றைக்கே திரும்பிவிடலாம். போனால் தேத்தண்ணி தருவார்கள், இருத்திக் கதைப்பார்கள்.

முதலாவது கிடைத்த பிறகு இரண்டாவது எப்படி வந்தது என்பதுதான் நான் அடிக்கடி யோசிக்கிற விடயம். சேர் தன் நண்பர்களுக்குச் சொல்லுவார் என்று நினைத்தால், நிலையம் நடத்துகிறவர்கள் ஒருவருக்கொருவர் போட்டி, அப்படி எளிதில் சொல்ல மாட்டார்கள். சொன்னவர்கள் ஆசிரியர்கள். உயர்தர வகுப்பு எடுக்கிற ஒரு இரசாயனவியல் சேர் ஒரே கிழமையில் சுன்னாகத்தில், யாழ்ப்பாண நகரத்தில், சாவகச்சேரியில், நெல்லியடியில் என்று ஓடிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு நிலையத்திலும் அவருக்கு ஒரு கணக்கு. கோண்டாவிலில் மாதம் முடிந்த அன்றே எத்தனை பிள்ளைகள் கட்டினார்கள், எத்தனை பேர் இலவசம், தன் பங்கு எவ்வளவு என்பது துண்டாக அவர் கைக்கு வந்தது. மற்ற இடங்களில் பத்தாம் திகதி வரை காத்திருக்க வேண்டும். அவர் போய்க் கேட்டார், "அங்க உடன தருகினம், இங்க ஏன் சுணங்குது?" அடுத்த நிலையத்தில் இருந்து எங்களுக்கு வந்த அழைப்பு அப்படி வந்தது.

இதை எல்லாத் துறையிலும் பார்க்கலாம் என்று நான் நம்புகிறேன். கடைகளுக்குப் பொருள் செய்தால், கடைக்காரர்களுக்கு இடையில் ஓடித் திரிகிறவர் கம்பனி விற்பனைப் பிரதிநிதி, லொறிக்காரர். மரக்கறித் தோட்டக்காரருக்குச் செய்தால் மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகளில் காலையில் நிற்கிற தரகர். அந்த ஆளுக்கு உங்கள் பொருளால் ஒரு சுகம் கிடைக்கிற மாதிரிச் செய்தால் அவரே காவிக்கொண்டு போவார். ஹொட்மெயில் 1996இல் தொடங்கியபோது, அனுப்புகிற ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் நீங்களும் இலவசமாக ஒன்று திறக்கலாம் என்ற ஒரு வரி போனது. ஒன்றரை வருடத்துக்குள் ஒரு கோடிக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் ஆசிரியர் கையில் போகிற அந்தக் கணக்குத் துண்டு எங்களுக்கு அந்த வரி மாதிரி. அதில் எங்கள் பெயரும் எண்ணும் சிறிய எழுத்தில் இருக்கிறது.

ஊர் சிறியது என்பதற்கு மறுபக்கமும் உண்டு. வந்த பிள்ளையை வரவில்லை என்று தாய்க்கு ஒரு செய்தி பிழையாகப் போனால், அந்தத் தாய் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவார், பொழுது படுவதற்குள் பக்கத்து நிலையங்களுக்கும் கதை போய்விடும். அதனால் புது நிலையம் ஒன்றைச் சேர்த்தால் முதல் கிழமை எங்களில் ஒருவர் அங்கேயே நிற்கிறோம். நிற்க ஆள் இல்லாவிட்டால் சேர்ப்பதில்லை, அடுத்த மாதம் என்று சொல்லிவிடுகிறோம்.

காசு கேட்கிற விடயம். "பெடியள் புதுசாச் செய்யிறாங்கள், சும்மா தந்தா பாவிச்சுப் பாக்கிறம்" என்பார்கள். தெரிந்த ஆளிடம், அதுவும் உங்களுக்குப் படிப்பித்த சேரிடம் காசு கேட்பது எவ்வளவு சங்கடம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கேளுங்கள். முதல் மாதம் இலவசம், அதன் பிறகு பிள்ளைக்கு இவ்வளவு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், தொகை சின்னதாக இருக்கட்டும். காசு கட்டுகிறவர் பிழை கண்டால் போன் எடுத்து ஏசுவார். சும்மா பாவிக்கிறவர் மரியாதைக்கு ஒன்றும் சொல்லாமல் கொப்பிக்குத் திரும்பிவிடுவார், உங்களுக்கு அது மாதக் கணக்கில் தெரியவராது. எங்களுக்கு உருப்படியான திருத்தங்கள் எல்லாம் ஏசினவர்களிடம் இருந்து வந்தவை.

எப்போது போவது என்பதையும் பாருங்கள். மாதத்தின் முதல் கிழமை காசு சேர்க்கிற நேரம், யாரும் தலை நிமிர மாட்டார்கள். மாதக் கடைசியில் போனால் கணக்கு ஒத்துவராமல் கல்குலேட்டரோடு இருக்கிற நேரம், அப்போது காட்டினால் விளங்கும். சாதாரணதரப் பரீட்சை முடிந்த கையோடு உயர்தர வகுப்புகள் தொடங்கும், புதுப் பிள்ளைகள் குவிவார்கள். அதற்கு ஒரு மாதம் முந்திப் போய்விட வேண்டும்.

உங்கள் பொருளுக்கு இந்த ஊரில் ஆளே இல்லை, வாங்கப் போகிறவர் வெளிநாட்டில் என்றால் மோட்டார் சைக்கிள் உதவாது. திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில், வாடிக்கையாளர்களின் கேள்விகளையும் முறைப்பாடுகளையும் கையாள உதவுகிற பிரெஷ்டெஸ்க் மென்பொருளைத் தொடங்கியபோது அவருக்கு முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் இருந்த ஒரு கல்லூரி. முகம் பார்க்காமலே வந்தவர்கள். அங்கேயும் செய்ய வேண்டியது இதேதான் என்று நினைக்கிறேன்: ஒரு தொழில், ஒரு நாடு என்று வட்டத்தைச் சுருக்கி, அவர்கள் எழுதுகிற சிக்கலுக்கு அவர்கள் விழித்திருக்கிற நேரத்தில் பதில் எழுதுவது, கேட்டால் திரையைப் பகிர்ந்து கூட இருந்து செய்து கொடுப்பது. எங்களுக்கு இரவு, அவர்களுக்குப் பகல் என்றால் இரவில் இருக்க வேண்டும்.

எங்களுடைய அடுத்த வேலை வவுனியா. அங்கே எங்களை ஒருவருக்கும் தெரியாது, படிப்பித்த சேரும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. இங்கே எங்கள் கணக்குத் துண்டு வாங்குகிற பௌதிகவியல் சேர் ஒருவர் கிழமையில் ஒருநாள் அங்கே வகுப்புக்குப் போகிறார். வருகிற சனிக்கிழமை அவர் போகிற பஸ்ஸில் நாங்களும் போகிறோம். வகுப்பு நடக்கிற நேரம் வாசலில் மேசை போட்டு இருக்கிறவரோடு கதைக்க அவர் சொல்லி வைத்திருக்கிறார்.